டீசல் ஏறிய விரல்

ஆன்சியின் கல்யாண ஓலையைக் கோயிலில் இரண்டு ஞாயிறு வாசித்து முடித்திருந்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பூசையில் சாமியார் வாசிக்கிற ஓலை அது. மூன்றாவது ஞாயிறு வருவதற்குள் அவளுடைய இடது கை ஆள்காட்டி விரல் போய்விட்டது.

பசுமலையிலிருந்து திருப்பரங்குன்றம் போகிற சாலையில் அவர்களுடைய பம்ப் கடை இருந்தது. டீசல் வண்டிகளின் பம்ப்பையும், எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற நாசிலையும் கழற்றிச் சுத்தம் பண்ணி, எஞ்சினுக்கு எவ்வளவு டீசல் போகவேண்டுமோ அவ்வளவு போகும்படி செட்டிங் வைத்துக் கொடுப்பார்கள். அப்பா தனிஸ்லாஸ் ஆரம்பித்த கடை. அவர் இறந்தபிறகு அண்ணன் கிளமெண்ட் நடத்தினான். வண்டிக்காரர்களிடம் பேசுவது, பம்ப்பை இறக்குவது, ஏற்றுவது எல்லாம் அவன். நாசில் வேலை ஆன்சியுடையது. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முடித்துவிட்டு வேறு வேலைக்குப் போக இருந்தவளை, "வீட்டுக் கடை இருக்கையில வெளிய எதுக்கு" என்று அவன்தான் உட்கார வைத்தான்.

கடையின் மூலையில் நாசில் சோதிக்கிற சாதனம் இருந்தது. ஒரு இரும்புப் பெட்டி, அதன் மேல் அழுத்தம் காட்டுகிற முள், பக்கத்தில் நீளமான கைப்பிடி. நாசிலை முனை கீழே பார்க்க மாட்டி, கைப்பிடியை அமுக்கினால் முள் ஏறும். குறிப்பிட்ட அழுத்தம் வந்ததும் நாசில் திறந்து டீசல் புகைபோலப் பாயும். முனையில் இருக்கிற ஓட்டைகள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை. நல்ல நாசில் திறக்கும்போது கறகறவென்று சத்தம் கொடுக்கும். கெட்டது சத்தமில்லாமல் ஒழுகும். ஆன்சி திரும்பிப் பார்க்காமலே சத்தத்தை வைத்து எது என்று சொல்லிவிடுவாள்.

மாப்பிள்ளை வீட்டுக்கு இது எதுவும் தெரியாது. மாப்பிள்ளை ஆன்றோ பள்ளிக்கூட வாத்தியார். அவனுடைய அம்மாவும் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். பெண் பார்க்க வந்தபோது ஆன்சியின் அம்மா ஆனிமேரி, "கடைப்பக்கமே போறதில்ல. வீட்டுல உக்காந்து கம்ப்யூட்டர்ல கணக்குப் பாக்கும், அம்புட்டுத்தான்" என்று சொல்லிவிட்டாள். முந்தின இரவே அம்மாவும் கிளமெண்ட்டும் பேசி வைத்துக்கொண்டது. தங்கைக்கு முடிந்தால்தான் தனக்கு என்று கிளமெண்ட் காத்திருந்தான். ஆன்சியும் மறுத்துச் சொல்லவில்லை. சனிக்கிழமைதோறும் மண்ணெண்ணெயால் கையைத் துடைத்து, சோப்புத்தூள் போட்டுத் தேய்த்து, நகக்கண்ணில் எலுமிச்சைத் தோலை வைத்து அழுத்திக் கறுப்பை எடுத்தாள். ஆன்றோவை அவளுக்குப் பிடித்திருந்தது. பெண் பார்க்க வந்த அன்று, "உங்களுக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும்?" என்று கேட்டான். அவளிடம் அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை.

இந்தச் சமயத்தில்தான் ஜெயபாண்டி வண்டியைக் கொண்டுவந்தார். நாகமலை புதுக்கோட்டைக்கு மேற்கே தோட்டம் வைத்திருக்கிறவர். தன் தோட்டத்துக் கத்தரிக்காயும் பக்கத்துத் தோட்டங்களில் பிடிக்கிற காயும் மார்க்கெட்டுக்கு ஏற்றுவதற்கு ஒரு பழைய பிக்கப் வைத்திருந்தார். கம்ப்யூட்டர் பெட்டி எதுவும் இல்லாத பழைய மாடல். எல்லாம் ஸ்க்ரூவில்தான் இருந்தது.

"மாப்ள, பாலம் ஏற மாட்டேங்குது. டீசலக் கூட்டி விடு," என்றார் அவர்.

"கூட்டுனா இழுவை வரும்ணே. குதிரை மாதிரி போகும்," என்றான் கிளமெண்ட்.

பம்ப்பில் கம்பெனி போட்ட சீல் கம்பியை அவன் வெட்டுவதைப் பார்த்து ஆன்சி எழுந்து வந்தாள். "வேண்டாம்ணே. காத்து அம்புட்டே வரும்போது டீசல மட்டும் கூட்டுனா சூடு ஏறி நாசில் முனை கருகிரும். ஏத்துற பாரத்தக் கொறைக்கச் சொல்லு."

கிளமெண்ட் ஜெயபாண்டியைப் பார்த்துச் சிரித்தான். "எங்க வீட்டு இஞ்சினியரம்மா சொல்லிட்டாக. நாளைக்கு ஏரோப்ளேனுக்கும் இவகதான் செட்டிங் வைப்பாக." ஜெயபாண்டியும் சிரித்தார். ஆன்சி தன் மூலைக்குப் போனாள். கிளமெண்ட் அவளை அடித்ததில்லை. வண்டிக்காரர்கள் முன்னால் இப்படிப் பேசுவான். அவள் முகம் போகிற போக்கைப் பார்ப்பதில் அவனுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது.

வண்டி குதிரை மாதிரிதான் போனது. கொஞ்ச காலத்துக்கு. பிறகு கறுப்புப் புகை தள்ளியது, டீசலைக் குடித்தது, எஞ்சினில் சுத்தியலால் அடிப்பதுபோல் சத்தம் வந்தது. ஒரு காலையில் ஜெயபாண்டி வண்டியில் பாதி லோடு காயோடு கடைக்கு வந்து, கெட்ட வார்த்தையில் தொடங்கினார்.

"என்னடா செட்டிங் வச்ச? காயி வெயில்ல வாடுது. மதியத்துக்குள்ள வண்டி கிளம்பலைண்டா கடையப் பூட்டிருவேன்."

கிளமெண்ட் வேகவேகமாக நாசில்களைக் கழற்றி ஆன்சியிடம் கொடுத்தான். ஜெயபாண்டி எதிரே டீக்கடைக்குப் போனார். முதல் நாசிலை மாட்டியதுமே ஆன்சிக்குத் தெரிந்துவிட்டது. முனை கருகி, ஒரு ஓட்டை அடைத்து, பாய்ச்சல் ஒருபக்கமாகச் சாய்ந்தது. அவள் கைப்பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டுக் குனிந்து, இடது கை விரலில் துணியைச் சுற்றி முனையில் ஒட்டியிருந்த கரியைத் துடைத்தாள்.

"இன்னும் எம்புட்டு நேரம் தடவிக்கிட்டிருப்ப?" என்று பின்னாலிருந்து கிளமெண்ட்டின் குரல் வந்தது. "தள்ளு, நான் பாத்துக்கிறேன்."

அவன் கைப்பிடியைப் பிடித்து ஒரே அமுக்காக அமுக்கினான். அவளுடைய விரல் முனையில் இருந்தது.

பெரிய வலி இல்லை. சுருக்கென்றது, அவ்வளவுதான். துணியை எடுத்துப் பார்த்தாள். ஆள்காட்டி விரலின் நுனியில் ஊசி குத்தியதுபோல ஒரு புள்ளி. ரத்தம்கூட வரவில்லை. விரல் கொஞ்சம் மரத்த மாதிரி இருந்தது. ஆனால் அவளுக்குத் தெரியும். முனையில் கை வைக்கவே கூடாது, அந்த வேகத்தில் வருகிற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும் என்று பாலிடெக்னிக்கில் படித்திருந்தாள்.

"அண்ணே, உள்ள டீசல் போயிருச்சு. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"எங்க, காட்டு." அவன் விரலைப் பிடித்துப் பார்த்தான். "இதுக்கா? ஊசி குத்துன மாதிரி இருக்கு. கழுவிட்டு வேலயப் பாரு. அந்தாளு டீ குடிச்சுட்டு வந்து கத்துவான்."

அவள் கழுவினாள். மீதி நாசில்களையும் பார்த்தாள். எல்லாமே போயிருந்தன. புதிது வாங்கி மாட்டவேண்டும் என்று ஆனது. ஜெயபாண்டி கத்திவிட்டு, காயை வேறு வண்டியில் மாற்றிக்கொண்டு, நாளைக்கு வருகிறேன் என்று போனார். அதற்குள் ஆன்சியின் விரல் வீங்கத் தொடங்கியிருந்தது. தோல் வெளுத்து, தொட்டால் கல்மாதிரி இருந்தது. இதயம் விரலுக்குள் வந்து துடிப்பதுபோல் ஒரு தெறிப்பு.

சாயங்காலம் அவள் அழ ஆரம்பித்தபிறகுதான் கிளமெண்ட் வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனான். பைக்கை நிறுத்திவிட்டுச் சொன்னான்: "தையல் மிஷின் ஊசி குத்திருச்சுண்டு சொல்லு. கடையில நடந்துச்சுண்டா கேசு கீசுண்டு எழுதுவாங்க. அந்த டாக்டரு அவுக கோயில் பங்கு ஆளு. சேதி ஆன்றோ வீட்டுக்குப் போயிரும்."

டாக்டர் வயதானவர். கிளமெண்ட்டைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்துத்தான் கேட்டார். "எப்பிடிம்மா ஆச்சு?"

ஆன்சி அண்ணனைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள். "தையல் மிஷின் ஊசி, டாக்டர்."

"மிஷின் எண்ணெய் ஏதும் உள்ள போச்சா?"

"இல்ல டாக்டர்."

அவர் தடுப்பூசி போட்டு, மருந்து எழுதி, வீக்கம் கூடினால் வரச்சொல்லி அனுப்பினார். உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த நிமிடமே பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்திருப்பார். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. அவளுக்கு அது பின்னால் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஆன்றோ போன் பண்ணினான். குரல் ஒருமாதிரி இருக்கிறதே என்று கேட்டான். தைக்கும்போது ஊசி குத்திவிட்டது என்றாள்.

"தைக்கக்கூடத் தெரியுமா உங்களுக்கு? அம்மாட்ட சொல்றேன், சந்தோசப்படுவாங்க."

பின்னால் அவனுடைய அம்மா ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. ஆன்சியும் சிரித்தாள். கையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் பேசினாள். கீழே தொங்கவிட்டால் தாங்கமுடியவில்லை.

மறுநாள் காய்ச்சல் இருந்தது. "வீட்டுல படுத்தா மட்டும் வலி போயிருமா?" என்றான் கிளமெண்ட். "புது நாசில் வந்திருக்கு. செக் பண்ணாம மாட்டுனா அந்தாளு மறுபடி வருவான். ஒத்தக் கையால அமுக்குறதுதானே." அம்மா ஆனிமேரி இட்லியை ஊட்டிவிட்டு, "போயிட்டுச் சுருக்கா வந்துரு தாயி," என்றாள். ஆன்சி போனாள். வலது கையால் கைப்பிடியை அமுக்கிப் புது நாசில்களைச் சோதித்துக் கொடுத்தாள். அவன் மாட்டி, வண்டியை ஓடவிட்டு, ஸ்க்ரூவைத் திருகிச் செட்டிங் பார்க்கத் தொடங்கினான்.

ஜெயபாண்டி வந்தவர் எஞ்சின் பக்கம் போகுமுன் அவளைப் பார்த்தார். நாற்காலியில் சாய்ந்து இடது கையைத் தலைக்குமேல் சுவரில் ஊன்றி உட்கார்ந்திருந்தாள். விரல் கருநீலமாகிப் பளபளத்தது. உள்ளங்கையும் வீங்கியிருந்தது.

"என்ன பாப்பா இது? கத்திரிக்கா நெறத்துல இருக்கு."

"நாசில் அடிச்சிருச்சுண்ணே."

"நாசிலா? டீசலு உள்ள போச்சா?" அவர் கிட்டே வந்து மணிக்கட்டைத் தொட்டார். அவள் முனகினாள். அவர் கிளமெண்ட் பக்கம் திரும்பினார். "எங்கூர்ல போர்வெல் வண்டியில வேல பாத்தவனுக்கு இப்பிடித்தாண்டா ஆயில் ஏறுச்சு. முழங்கையோட எடுத்தாங்க. நேத்து அடிச்சதா இது? நேத்துல இருந்தா உக்கார வச்சிருக்க?"

"டாக்டர்ட்ட காட்டியாச்சுண்ணே. மருந்து குடுத்திருக்காரு."

"எறக்குடா பானெட்ட."

"செட்டிங் இன்னும் முடியலண்ணே. பொகை தள்ளும், ஐடிலிங்ல ஓடாம நின்னுரும்..."

"எறக்கு."

ஆன்சியை அவர் கைத்தாங்கலாகப் பிக்கப்பின் முன்சீட்டில் ஏற்றினார். கிளமெண்ட் வரவில்லை. "கடைய யாரு பாக்கிறது? நீங்க முன்னால போங்க, அம்மாவ அனுப்புறேன்," என்றான்.

பாதிச் செட்டிங்கில் இருந்த எஞ்சின் வழியெல்லாம் அடித்தது. டீசல் கூடுதலாகப் போய்க்கொண்டிருந்தது. பின்னால் பைக்கில் வந்தவர்கள் கறுப்புப் புகையில் மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டினார்கள். பழங்காநத்தம் சிக்னலில் வண்டி நின்றுவிடப் பார்த்தது. ஜெயபாண்டி காலை எடுக்காமல் ரேஸ் பண்ணிக்கொண்டே கிளமெண்ட்டின் குடும்பத்தைத் திட்டினார். பிறகு பக்கத்தில் இருப்பது யாரென்று நினைவு வந்து வாயை மூடிக்கொண்டார். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உதட்டைக் கடித்தாள். அந்த நிலைமையிலும் அவளுக்கு எஞ்சினின் சத்தம் காதில் விழுந்தது. மூன்றாவது சிலிண்டரில் அடிக்கிறது என்று நினைத்தாள்.

பெரியாஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருத்தி கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, எப்படி ஆனது என்று கேட்டாள். ஆன்சி வாயைத் திறந்தாள். "தையல் மிஷின்..." என்று வந்தது. அந்த நேரத்திலும் அதுதான் வந்தது.

"டீசல் டாக்டர்," என்றார் ஜெயபாண்டி. "பம்ப் கடையில நாசில் அடிச்சிருக்கு. நேத்துக் காலையில."

டாக்டரின் முகம் மாறியது. பெரிய டாக்டர்கள் வந்தார்கள். கையைக் கீறித் திறந்தபோது டீசல் வாடை வந்ததாகப் பிறகு ஒரு நர்ஸ் சொன்னாள். விரலுக்குள் போன டீசல் நரம்புப் பாதையோடு உள்ளங்கை வரை பரவி, போன இடமெல்லாம் சதையைக் கெடுத்திருந்தது. ஆள்காட்டி விரலை அடியோடு எடுத்தார்கள். நடுவிரல் இருந்தது, ஆனால் மடங்காது என்றார்கள்.

"அடிச்ச கையோட வந்திருந்தா வெரலக் காப்பாத்தப் பாத்திருக்கலாம்மா," என்றார் பெரிய டாக்டர். கோபமாகச் சொல்லவில்லை. அதனால் அது இன்னும் மோசமாக இருந்தது.

ஆனிமேரி கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டினாள். மகள் கண் விழித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "அவுக வீட்டுக்கு என்னண்டு சொல்றது?"

சொல்லவேண்டிய தேவை வரவில்லை. பங்கில் விஷயம் பரவிவிட்டது. ஆன்றோ தன் அம்மாவோடு ஆஸ்பத்திரிக்கு வந்தான். கட்டுப்போட்ட கையைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான். அவனுடைய அம்மா ஆரஞ்சுப் பழங்களை வைத்துவிட்டு ஆனிமேரியிடம் பேசினார்.

"கடையில வேல பாக்குதுண்டு சொல்லியிருந்தா எங்களுக்கு என்ன? எங்க வீட்டுக்காரரே லாரி ஓட்டுனவருதான், அப்புறந்தான் ஸ்கூல்ல டிரைவரானாரு. பொய் சொல்லிட்டீகளே. பொய்யில தொடங்குற கல்யாணத்த எப்பிடி நடத்துறது?"

சொல்லும்போது அவருடைய பார்வை ஆனிமேரியிடம் இல்லை. கட்டில்மேல் கட்டுப்போட்டுக் கிடந்த கையிலேயே இருந்தது. ஆன்றோவின் அம்மா இதில் எத்தனை விரல் மிச்சம் என்று எண்ணுகிறார் என்று ஆன்சிக்குத் தோன்றியது. பொய்யைக் காரணமாகச் சொல்வது அவர்களுக்கு வசதியாக இருந்தது, அவ்வளவுதான். போகும்போது ஆன்றோ, "ஒடம்பப் பாத்துக்கங்க," என்றான். மூன்றாவது ஓலையை வாசிக்கவில்லை.

காயம் ஆறி ஆன்சி வீட்டில் இருந்தாள். கிளமெண்ட் அவள் இருக்கிற அறைக்குள் அதிகம் வருவதில்லை. வெளியே கேட்கிறவர்களிடம், "கவனமில்லாம தானே அமுக்கிக்கிருச்சு, என்ன செய்ய?" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அம்மாவிடமும் அதைத்தான் சொல்லியிருந்தான். ஆன்சி ஒருமுறை அம்மாவிடம், "அமுக்குனது அண்ணேன்," என்றாள். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "நடந்தது நடந்துபோச்சு. கூடப் பெறந்தவன்மேல பழி போடாத," என்றாள்.

கடையில் நாசில் வேலை சரியாக வரவில்லை. கிளமெண்ட்டுக்குச் சத்தம் பிடிபடாது. பார்த்துக் கொடுத்த வண்டிகள் திரும்பி வந்தன. பிறகு திரும்பி வராமல் வேறு கடைக்குப் போயின. ஒருநாள் சாப்பிடும்போது அவன் தட்டைப் பார்த்தபடி சொன்னான்: "சும்மா இருந்தா மனசு ஒரு மாதிரி ஆகும். கடைக்கு வா. கைப்பிடிய அமுக்குறது வலது கைதானே."

ஆன்சி யோசித்தாள். "வாரேன். ஞாயித்துக்கிழமை, பூசை முடிஞ்சு. அம்மாவும் வரட்டும்."

ஞாயிறு கடையைத் திறந்தார்கள். ஷட்டரைப் பாதி ஏற்றியிருந்தது. தெருவில் ஆள் இல்லை. ஆன்சி ஒரு நாசிலை எடுத்து மாட்டினாள். இடது கையின் மூன்று விரல்களால் நட்டைப் பிடிப்பது கஷ்டமாக இருந்தது. கிளமெண்ட் உதவிக்கு வந்தான், வேண்டாம் என்று தலையசைத்தாள். மாட்டி முடித்து வலது கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"விரல முனையில வையிண்ணே."

"எதுக்கு?"

"ஊசி குத்துன மாதிரிதானே இருக்கும். வையி."

கிளமெண்ட் அம்மாவைப் பார்த்துச் சிரித்தான். அம்மா முன்னால் பயந்ததாகக் காட்டிக்கொள்ள அவனுக்கு இஷ்டமில்லை. ஆள்காட்டி விரலை நீட்டி முனைக்கு அடியில் வைத்தான். ஆன்சி மெதுவாகக் கைப்பிடியை இறக்கினாள். முள் ஏறியது.

"இது எதுல தெறக்கும்ண்டு எனக்குத் தெரியும். ஒனக்குத் தெரியாது. விரல எடுத்தீண்டா அமுக்கிருவேன்."

அவன் சிரிப்பு நின்றது. "ஏய், வெளையாடாத."

"அன்னைக்கு அமுக்குனது யாருண்டு அம்மாட்ட சொல்லு."

"நீதான் கவனமில்லாம..."

கைப்பிடி இன்னும் கொஞ்சம் இறங்கியது. முள் நடுங்கிக்கொண்டே ஏறியது. அவனுடைய விரல் முனையை ஒட்டி ஆடியது. எடுக்கவும் பயம், வைக்கவும் பயம்.

"நான்தான். நான்தாண்டி அமுக்குனேன். அம்மா, நான்தான்."

"டாக்டர்ட்ட என்ன சொல்லச் சொன்ன?"

"தையல் மிஷின்ண்டு சொல்லச் சொன்னேன். விடு ஆன்சி, ஒன் கால்ல விழுறேன்."

அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. கேட்டாகிவிட்டது. கைப்பிடியை விட்டிருக்கலாம். அவளுக்கு விட மனம் வரவில்லை. முள்ளை அந்த இடத்திலேயே நிறுத்திப் பிடித்துக்கொண்டு அவன் முகத்தைப் பார்த்தாள். வேர்வை மூக்குநுனியிலிருந்து சொட்டியது. உதடு கோணி, வாய் ஓரத்தில் எச்சில் வழிந்தது. வண்டிக்காரர்கள் முன்னால் தன் முகத்தை அவன் ஏன் அப்படிப் பார்ப்பான் என்பது அவளுக்கு இப்போது புரிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு முதல்முறையாக உடம்பில் ஒரு இதம் பரவியது. இன்னும் கொஞ்ச நேரம் என்று நினைத்தாள். அவன் பேண்ட் நனைந்து, கால் வழியாகத் தரையில் ஈரம் இறங்குவது வரை பிடித்திருந்தாள்.

கிளமெண்ட் ஓவென்று கத்திக் கையைப் பிடுங்கினான். அந்த நொடியில் அவள் அமுக்கினாள். விரல் போயிருந்த இடத்தில் டீசல் வெள்ளைப் புகையாகப் பாய்ந்தது. நாசில் கறகறவென்று சுத்தமாகச் சத்தம் போட்டது. விரல் போன பிறகு அமுக்கினாளா, போகுமுன்பே அமுக்கினாளா என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

ஆனிமேரி எழுந்து வந்து ஆன்சியின் கன்னத்தில் அறைந்தாள். அம்மா அவளை அடித்து வெகுகாலம் ஆகியிருந்தது. பிறகு மகனிடம் போய் அவன் விரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் அந்த விரலை முத்தமிட்டு அழுதாள்.

"பாவி. பெத்த வயித்துல இப்பிடி ஒரு பேயா? கை போனதோட மனசும் போயிருச்சா ஒனக்கு?"

"அவன் சொன்னதக் கேட்டீல்லம்மா?"

"பயத்துல எதையும் சொல்லுவான். நீ புடிச்ச பிடிக்கு எவனும் எதையும் சொல்லுவான்."

அம்மாவுக்கு எந்தக் காலத்திலும் அது உண்மையாகப் போவதில்லை என்று ஆன்சிக்கு அப்போது தெளிந்தது. அன்றே ஒரு பையில் துணிகளை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். யாரும் தடுக்கவில்லை. வேலை பார்க்கும் பெண்களுக்குக் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற விடுதி ஒன்றில் இடம் கிடைத்தது. பங்கில் கதை வேறுவிதமாகப் பரவியது. கல்யாணம் நின்ற ஆத்திரத்தில் தங்கை அண்ணன் கையை முடமாக்கப் பார்த்தாள், அம்மா மட்டும் இல்லாவிட்டால் போயிருக்கும் என்று கிளமெண்ட் சொன்னான், ஆனிமேரி தலையசைத்தாள். அவளை எதிரே பார்த்தால் பெண்கள் தங்கள் பிள்ளைகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்கள். அவள் யாரிடமும் போய் விளக்கம் சொல்லவில்லை. அந்தக் கதை முழுக்கப் பொய் என்று அவளால் சொல்லவும் முடியாது.

நாகமலை புதுக்கோட்டையில் சிவபாண்டி என்பவருடைய பம்ப் கடைக்கு ஜெயபாண்டிதான் அவளைக் கூட்டிப் போனார். சிவபாண்டி கையைப் பார்த்துத் தயங்கினார். ஆன்சி சாதனத்தின் முன்னால் உட்கார்ந்தாள். கடையில் இருந்த நாசில்களை ஒவ்வொன்றாக மாட்டி, தேறுவதையும் தேறாததையும் பிரித்து வைத்தாள். சிவபாண்டி மறுநாள் வேலைக்கு வரச்சொன்னார்.

அங்கே அவள் பார்த்த முதல் வண்டி ஜெயபாண்டியுடையதுதான். கிளமெண்ட் திருகி ஏற்றிவைத்திருந்த ஸ்க்ரூவை இறக்கினாள். எஞ்சினை ஓடவிட்டு, குழாய்மேல் விரலை வைத்துத் துடிப்பைப் பார்த்து, புகை நிற்கிறவரை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாள். அடிப்புச் சத்தம் அடங்கியது.

"இழுவை கொறஞ்சிரும்ணே," என்றாள். "பாரத்தக் கொறச்சு ஏத்துங்க."

"பாலத்துல ரெண்டாவது கியர்லதான் போகும்போல," என்று ஜெயபாண்டி முணுமுணுத்தார். ஆனாலும் அப்படியே ஓட்டினார்.

வருஷம் திரும்பியபிறகு ஒரு மத்தியானம் ஆனிமேரி கடைக்கு வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றுகொண்டு, உள்ளே வரலாமா என்று கேட்டாள். இளைத்திருந்தாள். ஆன்சி ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, கடைப் பையனைக் காபி வாங்கி வரச் சொன்னாள்.

"நல்லா இருக்கியா?"

"இருக்கேன்மா."

அம்மா காபியைக் குடித்து முடித்தாள். டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னாள்: "கடையில வேலயே இல்ல. அண்ணன் ரொம்ப ஒடஞ்சு போயிட்டான். நீ வாரத்துல ஒருநாளு வந்து நாசில மட்டும் பாத்துக் குடுத்தாப் போதும்ங்கிறான். ஒனக்கு வலது கை நல்லாத்தானே இருக்கு."

ஆன்சி டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தாள். அம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். அவள் சொல்ல வந்தது இன்னும் முடியவில்லை என்று தெரிந்தது.

"அவனுக்குப் பொண்ணு முடிஞ்சிருக்கு. திண்டுக்கல் பக்கம். நல்ல குடும்பம். வர்ற மாசம் கல்யாணம்." முந்தானை நுனியை விரலில் சுற்றினாள். "நீ வரவேண்டாம் தாயி. கையப் பாத்தா கேப்பாக. கேட்டா ஒண்ணொண்ணாச் சொல்லணும். நீ துபாய்ல நர்சா இருக்கேண்டு சொல்லியிருக்கோம்."

"துபாய்ல இருந்து வாரத்துல ஒருநாளு எப்பிடிம்மா கடைக்கு வர்றது?"

ஆனிமேரி நிஜமாகவே அதை யோசித்தாள். "கல்யாணம் முடியட்டும். பொண்ணு வீட்டுக்காரங்க வந்துபோறது கொறஞ்சப்புறம் வா."

ஆன்சி எழுந்து கையைத் துணியில் துடைத்துக்கொண்டு அம்மாவோடு பஸ் நிறுத்தம் வரை நடந்தாள். வெயிலாக இருந்ததால் அம்மா அவளுடைய நிழல் விழுகிற பக்கமாகவே ஒதுங்கி நடந்தாள்.  பஸ் வந்ததும் கம்பியைப் பிடிக்கத் தடுமாறிய அம்மாவை முழங்கையில் தாங்கி ஏற்றிவிட்டாள்.

"முன்னால சீட்டு இருக்கு, உக்காரும்மா," என்றாள்.

பஸ் போன பிறகு கடைக்குத் திரும்பினாள். வாசலில் ஒரு டிராக்டர் வந்து நின்றிருந்தது.